கால், கால், அரை: புரிந்து படிப்பதற்கு ஒரு பழைய கணக்கு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம் வரும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வரப்புகளின் மேல் வெள்ளைக் குவியல்கள். அப்பால் கழுவெளி ஏரியின் உவர்நீர்ப் பரப்பு. இந்த மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர்தான் முதலியார்குப்பம்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இந்த ஊரில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட பத்தொன்பது மாத காலத்தில் பிள்ளைகள் கற்றதை மறந்தார்கள். கற்க வேண்டியதைக் கல்லாமல் விட்டார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட, ஊரிலேயே படித்த இளைஞர்களும் பெண்களும் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்பது திட்டம்.

நல்ல முயற்சிதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? ஒரு பிள்ளை பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டால் போதுமா? வாசித்தது புரிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? புரியவில்லை என்றால், புரிந்து படிக்கச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

இக்கேள்விகள் புதியவை போலத் தோன்றும். உண்மையில் அவை மிகப் பழையவை. தமிழில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றுக்கு ஒருவர் கணக்குப் போட்டு விடை எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கின் வரலாற்றை இங்கே பார்ப்போம்.

ஒரு சிறு சோதனை

முதலில் கீழே உள்ள பத்தியை வழக்கம்போலப் படியுங்கள்.

"கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகிறார்கள். நீர் ஆவியாக ஆக அதன் அடர்த்தி கூடுகிறது. முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் அடியில் படிகின்றன. அதன்பின் நீரை வேறு பாத்திக்கு மாற்றுகிறார்கள். அங்கே சமையல் உப்பு படிகிறது. நீர் முற்றிலும் வற்றுவதற்கு முன்பே உப்பை வாரிவிடுகிறார்கள்."

இதில் கடினமான சொல் ஏதும் இல்லை. இப்போது மூன்று கேள்விகள். ஒன்று: முதலில் படிவது எது? இரண்டு: நீரை வேறு பாத்திக்கு மாற்றுவது ஏன்? மூன்று: நீர் முழுவதும் வற்றும்வரை ஏன் காத்திருப்பதில்லை?

முதல் கேள்விக்கு விடை பத்தியிலேயே இருக்கிறது. கண்ணால் தேடி எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு விடை வரிகளுக்கு இடையே இருக்கிறது. ஜிப்சம் அடியில் தங்கிவிட்டது; அதே பாத்தியில் உப்பும் படிந்தால் இரண்டும் கலந்துபோகும் என்று நாமே இணைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை பத்தியில் இல்லவே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் சமையல் உப்பு ஏறத்தாழ 27 கிராம்தான். மீதியில் பெரும்பங்கு மெக்னீசிய உப்புகள். அவை கசப்பானவை, காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை, கடைசிவரை நீரிலேயே கரைந்து நிற்பவை. முழுவதும் வற்றவிட்டால் அவையும் உப்போடு சேர்ந்துவிடும்.

பட்டணத்து மாணவன் இந்தப் பத்தியைத் தடங்கலின்றி வாசித்துவிட்டு, மூன்றாவது கேள்வியில் திகைத்து நிற்கக்கூடும். வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரை நாள்தோறும் பார்த்து வளர்ந்த உப்பளத் தொழிலாளியின் மகளோ, எழுத்துக்கூட்டி வாசித்தாலும், "அது கசக்குமே!" என்று சட்டென்று சொல்லிவிடக்கூடும். இருவரில் யார் நன்றாகப் படித்தவர்?

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. பொருள் என்பது தாளிலிருந்து கண் வழியே தானாக இறங்குவது அல்ல. தாளில் உள்ளதையும் தான் அறிந்ததையும் சேர்த்து, கேள்வி கேட்டு, வாசகர் உண்டாக்கிக்கொள்வது அது. இப்படிப் படிப்பதைத்தான் இன்றைய கல்வியாளர்கள் செயல்முனைப்பான வாசிப்பு என்கின்றனர்.

ஓலை வாசகர்கள்

நம் முன்னோர்க்கு இப்படிப் படிப்பதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. காரணம், பனையோலை.

ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. ஓலையில் 'கெடடு' என்று இருந்தால் அது 'கெட்டு' ஆகவும் இருக்கலாம். 'கேட்டு' ஆகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் பார்த்து, எது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்த பிறகே வாய்விட்டு வாசிக்க முடியும். நாம் இன்று வாசித்துவிட்டுப் பிறகு புரிந்துகொள்கிறோம். அவர்களோ புரிந்துகொண்டால்தான் வாசிக்கவே முடிந்தது!

இப்படிப்பட்ட வாசிப்பை ஆசிரியர் துணையின்றிப் பழக முடியாது. ஆகவே நூலைப் 'பாடம் கேட்பது' என்றே சொன்னார்கள். எப்படிக் கேட்பது என்பதற்கும் விதிகள் பிறந்தன.

பவணந்தியார் போட்ட கணக்கு

மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தை ஒட்டி, சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கணம் நன்னூல். பள்ளியில் எழுத்து, சொல் இலக்கணத்துக்காக நாம் அறிந்த நூல்தான். ஆனால் அதன் முகப்பிலுள்ள பொதுப்பாயிரத்தைப் பலர் புரட்டுவதில்லை. நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் எப்படிப்பட்டவர், மாணவர் எப்படிக் கற்க வேண்டும் என்பவையெல்லாம் அங்கே உள்ளன. கற்கும் முறை பற்றி அவர் சொல்வதை இன்றைய நடையில் இப்படித் தொகுக்கலாம்.

உலக வழக்கையும் நூல் வழக்கையும் அறிந்துகொள். பாடத்தை மறவாமல் போற்று. கேட்டதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார். ஐயம் எழுந்தால் ஆசிரியரை அணுகித் தெளிவாகும்வரை கேள். உன்னோடு படிப்பவர்களோடு சேர்ந்து பழகு. அவர்களிடம் வினவு. அவர்கள் வினவினால் விடை சொல்.

இவற்றில் 'மனப்பாடம் செய்' என்று பொருள்படக்கூடியது பாடம் போற்றுதல் ஒன்றே. மற்றவை எல்லாம் நினைத்தல், வினவுதல், விடையளித்தல் ஆகிய செயல்கள்.

அதற்கும் மேலாக அவர் ஒரு கணக்கும் தருகிறார். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் முறைப்படி எடுத்துச் சொல்ல வரும். ஆனால் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு அறிவுதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப்பங்கு? பிறருக்கு விளக்கமாக எடுத்துரைக்கும்போதுதான் அது நிறைவாகும்.

கால், கால், அரை! இது தராசில் நிறுத்துச் சொன்ன அளவு அல்ல; ஓர் ஆசிரியரின் பட்டறிவு. ஆனாலும் அந்த விகிதத்தைக் கவனியுங்கள். ஆசிரியருக்குத் தரப்பட்ட பங்கு கால்தான். முக்கால் பங்கு மாணவரின் வாயிலும் மனத்திலும் இருக்கிறது.

உரை எழுதுவதற்கும் நன்னூல் இலக்கணம் வகுத்தது. சூத்திரத்தின் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, அவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்தது காண்டிகை உரை. அதாவது, சுருக்கிச் சொல், சொல்லுக்குப் பொருள் காண், உதாரணம் தேடு, கேள்வி கேள், விடை காண். நல்ல வாசகர் மனத்துக்குள் செய்யும் வேலைகளின் பட்டியல் அல்லவா இது?

ஒரு பட்டினத்தைப் படித்த கதை

இந்த முறையில் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மரக்காணமே ஒரு சான்று.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெறச் செல்லும் வழியைப் பாணன் ஒருவனுக்குச் சொல்வதாக அமைந்தது. வழியில் கடற்கரை ஊர் ஒன்று வருகிறது. ஆனால் கவிஞர் அதன் பெயரை நேராகச் சொல்லவில்லை. மதிலைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பட்டினம் என்று மட்டும் குறிப்புத் தருகிறார். மேலோட்டமாக வாசிப்பவர் கடந்து போய்விடுவார். வினவும் வாசகரோ நின்று கேட்பார்: மதிலுக்கு வேறு சொல் என்ன? எயில். அப்படியானால் ஊர் எயிற்பட்டினம்! உரையாசிரியர்கள் கண்ட விடை இதுதான்.

இனி வேறொரு நூல். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடற்பயணம்' என்னும் குறிப்பேடு தமிழகத்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே என்பது 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டை ஒட்டிய புதுச்சேரிப் பகுதி என்றும் கொள்வர். 'வரிசையாக' என்ற சொல்லைக் கவனித்த வாசகருக்கு அடுத்த கேள்வி எழுகிறது. புதுச்சேரிக்கு வடக்கே அடுத்த துறை எது? சோபட்மா என்ற கிரேக்க ஒலிப்புக்குப் பின்னே உள்ள தமிழ்ப்பெயர் எது? தமிழில் 'சோ' என்றாலும் மதில், அரண் என்று பொருள். சோப்பட்டினம் என்றாலும் எயிற்பட்டினம் என்றாலும் ஒன்றே!

தமிழ்ப்புலவர் தந்த குறிப்பும் கிரேக்க மாலுமி தந்த வரிசையும் இப்படி ஒரே கடற்கரையில் சந்திக்கின்றன. அந்த இடம் மரக்காணம் என்று பலர் கருதுகின்றனர். வேறு இடம் சொல்வோரும் உண்டு. ஆராய்ச்சியில் அது இயல்பே. நாம் கவனிக்க வேண்டியது, இரு நூல்களுமே விடையை நேராகச் சொல்லவில்லை என்பதைத்தான். வாசகர் கேள்வி கேட்டதால் பிறந்த விடை அது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இவ்வளவு நல்ல முறை நம்மிடம் இருந்தும், அது எல்லாருக்கும் எட்டியதா? இல்லை. ஓலை தொட்டவர்கள் சிலரே. உப்பு விளைத்தவரின் பிள்ளை பவணந்தியாரின் மாணவர் வரிசையில் அமர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஊர்களில் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். ஒருவர் சொல்ல மற்றவர் ஒப்புவித்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் இதுபற்றி அறிக்கை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

ஆனால் கடல் கடந்து போனது எது? எழுத்துப் பயிற்சியும் ஒப்புவித்தலும் ஒழுங்குமே அங்கே முதன்மை பெற்றன. வினாதலும் விடுத்தலும் பின்தங்கின. குறைந்த செலவில் பல பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்ததும், பொருளறியாமல் ஒப்புவிக்கப் பழக்கியதும் ஆகிய இரண்டுமே அதன் விளைவுகள். பின்னாளில் நம் நாட்டுத் தேர்வு முறையும் ஒப்புவிப்பதற்கே மதிப்பெண் தந்தது. பவணந்தியாரின் முக்கால் பங்கு மெல்லக் கைவிட்டுப் போயிற்று.

ஆராய்ச்சி தந்த சான்று

20ஆம் நூற்றாண்டில் இதை அறிவியல் முறையில் ஆராயத் தொடங்கினர். 1917இல் அமெரிக்க உளவியலார் எட்வர்ட் தார்ன்டைக், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்து, அவர்கள் செய்த தவறுகளை ஆராய்ந்தார். பல பிள்ளைகள் ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதற்கு மிகையான எடை கொடுத்தனர். வேறு சொற்களைக் கண்டும் காணாமல் விட்டனர். படிப்பது என்பது கணக்குப் போடுவதைப் போன்ற சிந்தனை வேலை என்று அவர் முடிவு கட்டினார்.

1946இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராபின்சன், மாணவர்க்கு ஐந்து படிகள் வகுத்துக் கொடுத்தார்: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, நூலை மூடிவிட்டுச் சொல்லிப் பார், மீண்டும் நோக்கு.

ஆயினும் வகுப்பறைகள் மாறவில்லை. 1978-79இல் டொலோரஸ் டர்க்கின் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. நான்காம் வகுப்புகளில் 4,469 நிமிட வாசிப்புப் பாடங்களை அவர் உற்றுக் கவனித்தார். அதில் எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக் கொடுத்த நேரம் வெறும் 20 நிமிடம்! ஆசிரியர்கள் கேள்வி கேட்காமல் இல்லை. ஆனால் அவை பிள்ளைக்குப் புரிந்ததா என்று சோதிக்கும் கேள்விகள். புரியும் வழியைக் காட்டும் கேள்விகள் அல்ல.

1984இல் அன்மேரி பலின்க்சார், ஆன் பிரவுன் ஆகிய இருவரும் ஒரு வழி கண்டனர். தடையின்றி வாசிக்கத் தெரிந்தும் பொருள் புரியாமல் தவித்த ஏழாம் வகுப்பு மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தி படிப்பது. பிறகு ஒருவர் ஆசிரியராகி நான்கு வேலைகளைச் செய்வது. சுருக்கிச் சொல்லுதல், கேள்வி கேட்டல், புரியாததைத் தெளிவுபடுத்துதல், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல். அடுத்த பத்திக்கு வேறொருவர் ஆசிரியர். ஏறத்தாழ 20 நாள் பயிற்சியிலேயே அம்மாணவரின் புரிதல் வெகுவாக உயர்ந்தது.

ஊகித்தலை நன்னூலில் காணோம், அது புதியது. மற்ற மூன்றும் பவணந்தியார் வீட்டுப் பொருள்களே. பழையவர் எல்லாம் அறிந்திருந்தார் என்று நாம் பெருமையடிக்க வேண்டியதில்லை. அவர் அனுபவத்தால் சொன்னார். இவர்கள் சோதித்துக் காட்டினார்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதுதான் செய்தி.

மீண்டும் உப்பளக் கரையில்

முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் சுமார் 2 லட்சம் தன்னார்வலரைக் கொண்டு தமிழகம் முழுவதும் பரவியது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் கற்றலை அளந்தனர். பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டனர். பக்கத்து வீட்டு அக்கா உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு இவ்வளவு பலன்!

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பது முதல் படி. அது இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டால், பிள்ளை வளர்ந்து கூலிக் கணக்குச் சீட்டையும், கடன் பத்திரத்தையும், மருந்துப் பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கையையும் வாசிப்பாள். ஆனால் அவை தன்னிடம் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் கையெழுத்திடுவாள். கேள்வி கேட்டுப் படிக்கும் பழக்கம் புலவர்க்கு மட்டும் உரிய ஆடம்பரம் அல்ல. உப்பு வாருபவருக்கும் அது தற்காப்பு.

அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. ஐந்து பிள்ளைகள், ஒரு புத்தகம், ஒரு திண்ணை போதும். தலைப்பைப் பார்த்ததும் "இதில் என்ன இருக்கும்?" என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்துங்கள். ஒருவர் அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். மற்றொருவர் "ஏன்?" என்று தொடங்கும் கேள்வி ஒன்று கேட்கட்டும். புரியாத சொல்லைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டாம். முன்னும் பின்னும் பார்த்துப் பொருள் தேடுங்கள். "இதை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?" என்று கேட்க மறவாதீர்கள். உப்பளக் கரைப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில்தான் வாய் திறக்கும். அடுத்த பத்திக்கு வேறொருவர் ஆசிரியர் ஆகட்டும்.

மாணவ நண்பர்களே! இந்தக் கட்டுரையை நீங்கள் இப்போது ஒருமுறை படித்துவிட்டீர்கள். பவணந்தியார் கணக்கில் இது கால் பங்குதான். இதழை மூடி வையுங்கள். நீர் வற்றுமுன் உப்பை வாருவது ஏன் என்று வீட்டில் தம்பியிடமோ தங்கையிடமோ விளக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்தப் பத்தியை மட்டும் மீண்டும் திறந்து படியுங்கள்.